கொழும்பில் இலக்குச் சுடுதலுக்கு உயர்தரக் கைத்துப்பாக்கி: முதலில் கைப்பிடியும் விசையும்

25 மீற்றர் துல்லியச் சுடுதல் அட்டையில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 50 மில்லிமீற்றர். நல்ல .22 (குழல் விட்டம் 0.22 அங்குலம்) போட்டித் துப்பாக்கி ஒன்றைத் தாங்கியில் இறுக்கிப் பூட்டி, அதற்கு ஒத்துவரும் ரவையைப் போட்டுச் சுட்டால், பத்துச் சன்னமும் அந்த வட்டத்தின் பாதி இடத்துக்குள் ஒன்றன்மேல் ஒன்றாக விழும். அதே துப்பாக்கி கைக்கு வந்ததும் ஏழுக்கும் எட்டுக்கும் சிதறுகிறதென்றால் குழலைக் குறை சொல்ல இடமில்லை. உயர்தரத் துப்பாக்கி தேடுகிறவர்கள் அதிகம் கேட்பது "எது மிகத் துல்லியம்?" என்பதைத்தான். அந்த விலைக்கு ஏறிவிட்டால் எல்லாமே துல்லியம்தான். எது என் கையில் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் அமர்கிறது, எதன் விசை (விரலால் அழுத்திச் சுடும் பாகம்) ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி விடுபடுகிறது என்று கேளுங்கள்.

ஏன் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. குறிபார்ப்பதற்குக் குழல் நுனியில் உள்ள முன்குறிக்கும், பின்னால் வெட்டோடு உள்ள பின்குறிக்கும் இடையிலான தூரம் 220 மில்லிமீற்றர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 25 மீற்றர் போட்டிகளில் அனுமதிக்கப்படும் உச்ச அளவு அதுதான். கை ஆட்டத்தில் துப்பாக்கி முழுவதுமாக 1 மில்லிமீற்றர் பக்கவாட்டில் நகர்ந்தால் அட்டையிலும் 1 மில்லிமீற்றர்தான் விலகும். ஆனால் முன்குறி, பின்குறியின் வெட்டுக்குள் 1 மில்லிமீற்றர் ஒதுங்கி நின்றால் சன்னம் 114 மில்லிமீற்றர் தள்ளிப் போகும். இரண்டு கடதாசித் தாளின் தடிப்பு 0.2 மில்லிமீற்றர். அவ்வளவு ஒதுங்கினாலே 23 மில்லிமீற்றர் விலகல். பத்தின் விளிம்புக்கு வந்தாயிற்று. கை ஆடுவதற்குப் பயப்படத் தேவையில்லை. விசையை அழுத்தும் கடைசிக் கணத்தில் துப்பாக்கியின் மூக்கு திரும்புவதுதான் புள்ளியைத் தின்கிறது. அதைத் தடுப்பவை கைப்பிடியும் விசையும் மட்டுமே. காசையும் அங்கேதான் போட வேண்டும்.

கடதாசி வேலை முதலில்

இலங்கையில் சுடுகலன் வைத்திருப்பதை ஆளுவது 1916 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டம். அனுமதிப்பத்திரம் இல்லாமல் வைத்திருப்பது குற்றம். எடுத்த பத்திரத்தை வருடா வருடம் புதுப்பிக்கவும் வேண்டும். கைத்துப்பாக்கி விடயத்தில் பாதுகாப்பு அமைச்சின் ஒப்புதல் இல்லாமல் ஓர் அடியும் நகராது. ஆகவே ஒழுங்கு இப்படி இருக்கட்டும்: முதலில் ஒரு சுடுதற் கழகத்தில் சேருங்கள். கழகத்தின் துப்பாக்கியில் ஆறு மாதமாவது சுடுங்கள். வெலிசறைக் கடற்படைச் சுடுதளம் போன்ற இடங்களில் போட்டி நடக்கும்போது போய் நின்று, சுடுகிறவர்கள் எதைப் பாவிக்கிறார்கள், எதில் அடிக்கடி ரவை சிக்குகிறது என்று பாருங்கள். பிறகு எந்த விட்டத்துக்கு அனுமதி கிடைக்கும், வருடத்துக்கு எத்தனை ரவை எடுக்கலாம் என்பதை எழுத்தில் பெறுங்கள். அதற்குப் பிறகுதான் துப்பாக்கியைத் தெரிவு செய்வதில் அர்த்தமுண்டு. முற்பணம் கட்டிவிட்டு அனுமதிக்கு அலைகிறவர்கள் இரண்டையும் இழக்கிறார்கள்.

வெளிநாட்டு உறவுகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. லண்டன் சித்தப்பா பயணப்பைக்குள் ஒரு ரவைக்கூடு வைத்துக் கொண்டுவந்தால் என்ன, ரொறொன்ரோ மாமி ஒரு குழல் அனுப்பினால் என்ன என்று நினைப்பவர்கள் நம்மில் இருக்கிறார்கள். அந்த நினைப்பை இன்றே விட்டுவிடுங்கள். பிரித்தானியாவில் 1997 இல் வந்த சட்டங்களுக்குப் பிறகு சாதாரண மக்கள் இந்த வகைக் கைத்துப்பாக்கியை வைத்திருக்கவே முடியாது. கனடாவில் 2022 ஒக்ரோபர் 21 முதல் கைத்துப்பாக்கி விற்பனையும் கைமாற்றமும் முடக்கப்பட்டுள்ளன. ஒலிம்பிக் வகைப் போட்டியாளர்கள் போன்ற சிலருக்கு மட்டும் விலக்கு. எந்த நாட்டில் வாங்கினாலும், கடதாசி இல்லாமல் ஓர் உதிரிப்பாகம் கட்டுநாயக்கவில் பிடிபட்டால் மாட்டிக்கொள்வது அதைச் சுமந்து வந்தவர்தான்.

எந்த விட்டம்

.22 எல்ஆர். (லோங் ரைஃபிள்). பொழுதுபோக்காகச் சுடுகிறவருக்கு முதலாவது உயர்தரத் துப்பாக்கி வேறு விட்டத்தில் இருக்கக் கூடாது என்பது எங்கள் உறுதியான நிலைப்பாடு. 9 மி.மீ. மீது ஆசை இருப்பது விளங்குகிறது. ஆனால் எண்களைப் பாருங்கள். .22 சன்னம் 2.6 கிராம், வேகம் செக்கனுக்கு 325 மீற்றர் அளவில், ஆற்றல் 137 ஜூல். 9 மி.மீ. சன்னம் 8 கிராம், செக்கனுக்கு 350 மீற்றர் அளவில், 490 ஜூல். கையைப் பின்னுக்குத் தள்ளும் உந்தம் மூன்று மடங்குக்கு மேல். அந்த உதைக்குப் பழகாத கை, வெடிக்கும் முன்னரே மூக்கைக் கீழே அமுக்கும். அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டால் எடுப்பதற்கு மாதக்கணக்காகும்.

இரண்டுக்கும் நடுவே .32 எஸ் அன்ட் டபிள்யூ லோங் என்ற தட்டைமுனைச் சன்ன ரவை உண்டு. 6.4 கிராம் சன்னம், மெதுவான வேகம், அட்டையில் காகிதம் குத்தும் கருவியால் குத்தியது போன்ற சுத்தமான ஓட்டை. சென்டர்ஃபயர் (வெடிக்க வைக்கும் ஊசி ரவையின் அடி நடுவில் குத்தும் வகை) போட்டிக்கு மிக இனிமையானது. இங்கே அதன் ரவை தொடர்ந்து கிடைக்கும் என்ற உறுதி கையில் இல்லாவிட்டால் தொட வேண்டாம்.

ரவைக் கணக்கையும் துப்பாக்கி விலையோடு சேர்த்தே போடுங்கள். ஒரு தடவைக்கு 100 ரவை, வாரம் இரு தடவை, வருடத்தில் 50 வாரம்: 10,000 ரவை. 50 கொண்ட சின்னப் பெட்டி 200. ஐந்து வருடத்தில் ரவைச் செலவு துப்பாக்கி விலையைத் தாண்டிவிடக்கூடும். அனுமதி அதில் கால்வாசிக்குத்தான் கிடைக்கும் என்றால், மீதி நாட்களில் வெற்று விசைப் பயிற்சி (ரவை போடாமல் விசையை அழுத்திப் பழகுவது) செய்ய வசதியான துப்பாக்கியைத் தெரிவு செய்யுங்கள். 10 மீற்றர் காற்றுத் துப்பாக்கியும் யோசிக்க வேண்டிய ஒன்று. ஸ்டெயர் எல்பி 50 ஐந்து குண்டு போடும் அரைத்தானியங்கிதான். விசைப் பழக்கம் .22 க்கு அப்படியே கைகொடுக்கும்.

கைப்பிடி

போட்டித் துப்பாக்கிகளின் வால்நட் மரக் கைப்பிடி சிறிது, நடுத்தரம், பெரிது என்று வரும். இடது கைக்குத் தனி. ஐரோப்பிய ஆண்களின் கைக்கு 'நடுத்தரம்' என்று செய்தது நம்மில் பலருக்குப் பெரிது. பெரியதை எடுத்தால் விரல்நுனி விசைக்கு எட்டாது. எட்ட வைப்பதற்காகக் கையைச் சுற்றிப் பிடிப்பீர்கள். அப்போது பின்னுதை கட்டைவிரல் எலும்பில் விழும், ஒவ்வொரு வெடிக்கும் துப்பாக்கி உள்ளங்கையில் சுழலும்.

சரிபார்க்கும் முறை இது. முதலில் ரவைக்கூட்டைக் கழற்றுங்கள், தாழை (ரவையைப் பின்னிருந்து அடைக்கும், முன்னும் பின்னும் ஓடும் பாகம்) பின்னுக்கு இழுங்கள், ரவை அமரும் அறையைக் கண்ணால் பாருங்கள், சின்ன விரலால் தடவியும் பாருங்கள். மற்றொருவர் இன்னொரு தடவை பார்க்கட்டும். பிறகு சுடும் திசையில் நின்று, துப்பாக்கியைப் பிடித்து, கண்ணை மூடிக் கையை உயர்த்துங்கள். மூன்று எண்ணிக் கண்ணைத் திறவுங்கள். முன்குறி பின்குறியின் வெட்டுக்கு நடுவில், மேல்விளிம்பு ஒரே மட்டத்தில் நிற்கிறதா? பத்துத் தடவை செய்யுங்கள். முழுத் துப்பாக்கியும் அட்டைக்கு இடமோ வலமோ காட்டினால் அது நிற்கும் நிலையின் பிழை. பின்காலை நகர்த்தினால் சரியாகும். முன்குறி வெட்டுக்குள்ளேயே ஒதுங்கி நின்றால் அது கைப்பிடியின் பிழை. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு மணிக்கட்டைத் திருப்பிச் சரிக்கட்டுவதுதான் நாம் காணும் மிகப் பொதுவான தவறு. திருப்பிய மணிக்கட்டு பத்தாவது வெடிக்குள் களைத்துவிடும்.

முன்குறி எப்போதும் தாழ்ந்தே வந்தால் கைப்பிடியின் பின்பக்கக் கீழ்ப்பகுதியைச் சற்றுத் தடிப்பாக்க வேண்டும். அங்கே தடித்தால் பிடியின் அடி முன்னுக்குப் போய் மூக்கு உயரும். உயர்ந்தே வந்தால் அந்த இடத்தை அராவிக் குறைக்கலாம். கையில் வெண்கட்டித் தூளைப் பூசி ஒரு முறை பிடித்துவிட்டுக் கழற்றினால் எங்கே தொடுகிறது, எங்கே வெற்றிடம் என்று மரமே காட்டும். சேர்ப்பதற்கு இரண்டு பாகம் கலக்கும் எபொக்சி மரக்களி, குறைப்பதற்கு அரை வட்ட அரம். ஒரு தடவைக்கு 1 மில்லிமீற்றருக்கு மேல் வேண்டாம். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் இருநூறு தடவையாவது வெற்றாக உயர்த்திப் பார்த்த பின்னரே அடுத்த மாற்றம். உள்ளங்கைக்குக் கீழே தாங்கும் தட்டைக் கையை நசுக்கும் அளவுக்கு ஏற்றாதீர்கள். நசுங்கிய கை நடுங்கும். சுட்டுவிரல் மட்டும் மரத்தில் எங்கும் முட்டாமல் தனியே அசைய வேண்டும். முட்டினால் விரலின் ஒவ்வொரு அசைவும் துப்பாக்கியைப் பக்கவாட்டில் தள்ளும்.

கொழும்பு வியர்வைக்கு வழுவழுப்பான மரம் உதவாது. பிடியின் முன்பக்கமும் உள்ளங்கைப் பக்கமும் புள்ளி குத்திச் சொரசொரப்பாக இருக்கட்டும்.

விசை

சர்வதேசச் சுடுதல் சம்மேளன விதிப்படி .22 க்கும் சென்டர்ஃபயருக்கும் விசை எடை குறைந்தது 1000 கிராம். குழலை நிமிர்த்திப் பிடித்து, தரையிலுள்ள எடையை விசையால் தூக்கிக் காட்ட வேண்டும், மூன்று முயற்சி. வீட்டில் இதைச் செய்யச் சமையலறைத் தராசும் ஒரு தண்ணீர்ப் போத்தலும் போதும். கம்பிக் கொக்கியோடு சேர்த்து 1000 கிராம் வரும்வரை தண்ணீரை அளந்து ஊற்றுங்கள். சரியாக 1000 இல் திருகி வைப்பது புத்தியல்ல. விசையின் வில் (ஸ்பிரிங்) பழகத் தளரும், ஒரு வருடத்தில் தோற்றுவிடும். 1030, 1050 என்று வையுங்கள்.

எடையைவிட முக்கியம் அது விடுபடும் விதம். இரண்டு கட்ட விசையில் முதற்கட்டம் 700 கிராம் அளவு வரை மெதுவாகப் பின்னே வரும், அங்கே ஒரு சுவரில் முட்டும், மீதி 300 கிராமை அழுத்தினால் கண்ணாடிக் குச்சி ஒடிவதுபோல் விடுபடும். ஒருகையால் துல்லியமாகச் சுட இதுவே எங்கள் தெரிவு. சுவரில் முட்டிய பின் இழுபட்டுக்கொண்டே போகும் விசை எந்த விலையானாலும் வேண்டாம். விடுபட்ட பின் விரல் வெகுதூரம் பின்னே பாய்ந்தால் அதுவும் மூக்கை ஆட்டும். நல்ல போட்டித் துப்பாக்கியில் அதை நிறுத்தத் தனித் திருகாணி இருக்கும்.

திருகாணிகள் இருக்கின்றன என்பதற்காக எல்லாவற்றையும் திருகாதீர்கள். ஊசியை அடிக்கும் சுத்தியலைப் பிடித்து வைக்கும் பற்களின் ஒட்டுமானத்தைக் குறைத்துக்கொண்டே போனால் விசை தேன்போல இனிக்கும். பிறகு ஒரு நாள் தாழ் முன்னே ஓடும் அதிர்ச்சியிலேயே சுத்தியல் நழுவும். ஒருமுறை அழுத்தி இரண்டு வெடி போகும். இரண்டாவது எங்கே போகும் என்று யாருக்கும் தெரியாது. ஆகவே சரிசெய்த ஒவ்வொரு முறையும் வெற்றுத் துப்பாக்கியில் இதைச் செய்யுங்கள்: விசையை அழுத்திப் பிடித்தபடியே தாழைப் பின்னிழுத்து முழு வேகத்தில் விடுங்கள். பத்துத் தடவையும் சுத்தியல் மேலேயே நிற்க வேண்டும். ஒரு தடவை விழுந்தாலும் அந்தத் துப்பாக்கியில் ரவை போடக் கூடாது.

.22 இல் வெற்று விசை அழுத்தும் முன் கைநூலைப் பாருங்கள். ரவை இல்லாதபோது ஊசி, அறையின் விளிம்பில் போய்க் குத்தும் வகைகள் உண்டு. குத்திய இடத்தில் பிசிறு எழும்பும், பிறகு ரவை முழுதாக உள்ளே போகாது. போலி ரவையைப் போட்டுப் பழகுவது எதற்கும் நல்லது.

எந்தெந்தத் துப்பாக்கி

போட்டிக்கென்றே பிறந்த .22 களில் பார்தினி எஸ்.பி., வால்தர் ஜி.எஸ்.பி., ஃபைன்வெர்க்பாவ் ஏ.டபிள்யூ. 93 மூன்றும் ஒரே குடும்ப அமைப்பு. ஐந்து ரவைக் கூடு விசைக்கு முன்னால் இருக்கும். கைப்பிடிக்குள் ரவைக்கூடு இல்லாததால் மரத்தைக் கைக்கு ஏற்றபடி எப்படியும் செதுக்கலாம், பிடியின் சாய்வையும் தாராளமாக வைக்கலாம். குழல் கைக்கு மிக அருகில் தாழ்ந்து நிற்பதால் மூக்கு அதிகம் துள்ளாது. ஏ.டபிள்யூ. 93 இல் உதையை விழுங்கும் பொறிமுறை உண்டு. இரண்டாம் வெடிக்குக் குறி திரும்பும் வேகத்தை உணர்ந்தவர் மறக்கமாட்டார். பார்தினியில் பின்னால் வரும் தாழைத் தாங்கும் சின்ன மெத்தைத் துண்டு தேய்மானப் பொருள். அதைக் கவனிக்காமல் விட்டால் உலோகத்தில் உலோகம் அடிக்கும். 25 மீற்றர் போட்டியில் இறங்கும் எண்ணம் இருப்பவருக்கு நாங்கள் சொல்வது பார்தினிதான். காரணம் ஒன்றே ஒன்று: அதைப் பாவிப்பவர்கள் உலகெங்கும் அதிகம், ஆகவே பாகமும் அனுபவமும் கிடைக்கும்.

போட்டி வேண்டாம், வார இறுதியில் நிதானமாகச் சுட்டு மகிழ வேண்டும் என்பவருக்கு ஸ்மித் அன்ட் வெஸன் 41. 1957 முதல் விற்பனையில் உள்ளது, பத்து ரவை. பின்குறி அசையும் தாழின் மேல் இல்லாமல், குழலோடு சேர்ந்த நீட்சியின் மேல் இருப்பதால் குறிக்கும் குழலுக்கும் உள்ள உறவு குலையாது. 140, 178 மில்லிமீற்றர் என்று இரண்டு குழல். 153 மில்லிமீற்றருக்கு மேல் சர்வதேசப் போட்டியில் ஏற்கமாட்டார்கள். பிறகு போட்டி ஆசை வரலாம் என்பதால் குட்டைக் குழலை எடுங்கள். ரூகர் மார்க் 4 உயர்தர வரிசையில் சேராது. ஆனால் ஒரு பொத்தானை அழுத்தினால் பிரிந்துவிடும் வசதிக்காகவும், நல்ல விசைப் பாகங்கள் போட்டால் அது சுடும் அழகுக்காகவும் மதிக்கத்தக்கது. ஹெமர்லி 208 எஸ் அழகின் உச்சம். அதன் உற்பத்தி நின்றுவிட்டது. ஓர் ஊசி உடைந்தால் கொழும்பில் இருந்து என்ன செய்வீர்கள்? வேண்டாம்.

.22 இல் கை தேறி, 9 மி.மீ. க்கு அனுமதியும் இருந்தால் இரண்டு பெயர் போதும். சிக் பி 210, 1949 இல் சுவிஸ் இராணுவம் எடுத்த வடிவத்தின் வழித்தோன்றல். எட்டு ரவை, ஒற்றைச் செயல் விசை (ஏறி நிற்கும் சுத்தியலை விடுவிப்பது மட்டுமே அதன் வேலை), ஒருகைச் சுடுதலுக்கு உகந்தது. பழைய சுவிஸ் பிரதிகளில் சுத்தியல் கட்டைவிரல் இடுக்கைக் கடிக்கும். புதியதில் பின்வால் நீண்டிருப்பதால் அந்தத் தொல்லை இல்லை. மற்றது சி.இசட். ஷடோ 2. 1330 கிராம் எடை, உருக்கு உடல், இரண்டு கையால் விரைந்து சுடுவதற்கு இதற்கு நிகர் குறைவு. இரண்டிலும் தாழ், சட்டத்தின் உட்பக்கத் தண்டவாளத்தில் ஓடுகிறது. தண்டவாளம் நீளமாகவும் குழலுக்கு அருகிலும் அமைவதால் இறுக்கமும் துல்லியமும் கூடுகின்றன. பொருத்துநர் கையால் அராவிச் சேர்க்கும் விலை உயர்ந்த 1911 (பழைய அமெரிக்க இராணுவக் கைத்துப்பாக்கி வடிவம்) வகைகள் அருமையானவைதான். ஆனால் அவற்றைப் பிரித்துச் சரிசெய்யத் தெரிந்தவர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

சிவப்புப் புள்ளிக் குறி பற்றிக் கேட்பவர்களுக்குச் சுருக்கமாக: சர்வதேசப் பிஸ்டல் போட்டிகளில் அனுமதி இல்லை. பொழுதுபோக்குக்கு என்றால், 3 நிமிடக் கோணப் (ஒரு நிமிடம் என்பது பாகையில் அறுபதில் ஒன்று) புள்ளி 25 மீற்றரில் 22 மில்லிமீற்றரை மறைக்கும், 6 நிமிடம் 44 ஐ மறைக்கும். சிறியதை எடுங்கள். நாற்பது வயதைத் தாண்டி முன்குறி மங்குகிறவர்கள் அதற்கு முன் கண் வைத்தியரிடம் போய், தூரப் பார்வைக் கண்ணாடியின் எண்ணோடு +0.50 அல்லது +0.75 சேர்த்து ஒரு சுடுதற் கண்ணாடி செய்து பாருங்கள். முன்குறி கூராகத் தெரிய வேண்டும், அட்டை சற்று மங்கலாகவே இருக்கலாம்.

ரவையும் சிக்கலும்

போட்டி .22 க்கு அதிவேக ரவை போடக் கூடாது. செக்கனுக்கு 320 முதல் 330 மீற்றர் வரையான சாதாரண வேக ரவைக்கென்றே வில்லும் தாழும் கணிக்கப்பட்டுள்ளன. எஸ்கே ஸ்டாண்டர்ட் பிளஸ், எலி டார்கெட், சிசிஐ ஸ்டாண்டர்ட் வெலொசிற்றி போன்ற நாலைந்து வகையில் எது இங்கே கிடைக்கிறதோ அவற்றைச் சோதியுங்கள். வகை மாற்றும்போது பழைய ரவையின் மெழுகு குழலில் இருக்கும். முதல் பத்துப் பதினைந்து வெடியைக் கணக்கில் எடுக்காதீர்கள். அதற்குப் பிறகு பத்துப் பத்தாக மூன்று கொத்து (ஒரே குறியில் சுட்ட ஓட்டைகளின் கூட்டம்). ஐந்து வெடிக் கொத்து பொய் சொல்லும். ஒரு நல்ல ஐந்தை யாரும் எதிலும் சுட்டுவிடலாம்.

.22 ரவைக்கு விளிம்பு உண்டு. கூட்டில் அடுக்கும்போது மேலே உள்ளதன் விளிம்பு கீழே உள்ளதன் விளிம்புக்கு முன்னால் இருக்க வேண்டும். மாறி அமர்ந்தால் ஒன்றை ஒன்று கொளுவிக்கொண்டு மேலே வராது. நூறு, நூற்றைம்பது வெடிக்குப் பிறகு ரவை உள்ளே முழுதாகப் போகாமல் நின்றால் அறை வாயில் மெழுகும் கரியும் வளையமாகப் படிந்திருக்கும். ஒரு தூரிகை போதும், குழல் முழுவதையும் தேய்க்கத் தேவையில்லை. வெற்றுக்கோது வாசலில் நிமிர்ந்து சிக்கினால் கோதை வெளியே இழுக்கும் இழுப்பான் கொக்கியில் அழுக்கு, பலம் குறைந்த ரவை, தளர்ந்த மணிக்கட்டு என்ற வரிசையில் பாருங்கள். ஊசி விழுந்தும் வெடிக்கவில்லையா? மூக்கை இலக்குப் பக்கமே வைத்து 30 செக்கன் எண்ணுங்கள், பிறகு எடுங்கள். சத்தம் வழமையைவிட மெதுவாக இருந்தால் அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். சன்னம் குழலுக்குள் நின்றிருக்கலாம். அடுத்த வெடி குழலை வீங்க வைக்கும்.

காதுக்கும் கண்ணுக்கும் கவசம் இல்லாமல் சுடுகோட்டில் நிற்காதீர்கள். உள்ளகத் தளத்தில் காதுக்குள் அடைப்பான், அதன் மேல் மூடி, இரண்டும் வேண்டும். ஈயம் கையில் ஒட்டும். கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவாமல் தேநீரும் பணிசும் எடுக்க வேண்டாம்.

கொழும்புக் காற்று

வெள்ளவத்தை, தெஹிவளை போன்ற கடற்கரைப் பக்கத்தில் இருப்பவர் வாங்கும்போதே மேற்பூச்சைப் பார்க்க வேண்டும். பழைய நீலப் பூச்சு அழகு. வியர்வை பட்ட விரல் அடையாளம் இரண்டு நாளில் செம்புள்ளியாகும். கறைபடியா உருக்கோ நைட்ரைட் செய்த (நைதரசன் ஏற்றிக் கடினமாக்கிய) மேற்பரப்போ இங்கே நின்றுபிடிக்கும். வாங்கியபோது வந்த நுரைப் பெட்டி கொண்டுபோக மட்டும். நுரை ஈரத்தை உறிஞ்சிப் பிடித்துக்கொண்டு உலோகத்தில் ஒட்டும். பாதுகாப்புப் பெட்டகத்துக்குள் சிலிக்கா ஜெல் பை வையுங்கள். நிறம் மாறியதும் 120 பாகை அடுப்பில் இரண்டு மூன்று மணிநேரம் சூடாக்கினால் திரும்பப் பாவிக்கலாம். ரவையையும் துப்பாக்கியையும் வேறு வேறாகப் பூட்டுங்கள், திறப்பு வீட்டில் வேறு யார் கைக்கும் எட்டக் கூடாது.

பலர் கவனிக்காத ஒன்று குளிரூட்டி. 22 பாகை அறையில் இரவு முழுக்கக் குளிர்ந்த உலோகத்தைக் கொழும்பு வெளிக்காற்றில் திறந்தால், அந்தக் காற்றின் பனிபடு நிலை (நீர் படியத் தொடங்கும் வெப்பநிலை) 24, 25 பாகையாக இருப்பதால், துப்பாக்கி முழுவதும் வியர்த்துவிடும். தாழின் உள்ளே, ஊசிக் குழிக்குள், வில்லுக்குப் பின்னால் படிந்த நீரை எந்தத் துணியும் எட்டாது. தளத்துக்குப் போனதும் பெட்டியை மூடியபடியே அரை மணிநேரம் வையுங்கள், சூடேறிய பின் திறவுங்கள்.

எண்ணெய் மெல்லிய துப்பாக்கி எண்ணெயாக, மிகச் சொற்பமாக இருக்கட்டும். தண்டவாளத்துக்குப் பக்கத்துக்கு ஒரு துளி. தேங்காய் எண்ணெய் கூடாது. 24 பாகைக்குக் கீழே உறையும், நாள்பட்டால் பிசினாகி ஊசியின் வேகத்தைக் குறைக்கும். மரப் பிடிக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆளிவிதை எண்ணெயை விரலால் தேய்த்து, கால் மணிநேரத்தில் துடைத்துவிடுங்கள். மழைக்காலத்தில் மரம் ஊதும், வெயிலில் சுருங்கும். பிடியின் திருகாணியை ஒவ்வொரு தடவையும் சுடும் முன் தொட்டுப் பாருங்கள். காரணமில்லாமல் கொத்து பெருத்துவிட்டது என்று வருந்துகிறவர்களில் பலருக்குத் தளர்ந்திருப்பது அதுதான்.

உதிரிப்பாகத்துக்குத் தனியே அனுமதிக்கு அலைவதைவிட, துப்பாக்கிக்குரிய அதே கடதாசியில் சேர்த்து எடுக்க முடியுமா என்று இறக்குமதியாளரிடம் கேளுங்கள். ஊசி, ஊசி வில், இழுப்பானும் அதன் வில்லும், பின்னுதை வில் இரண்டு, மெத்தைத் துண்டுகள். ஷடோ 2 என்றால் தாழ்நிறுத்தி ஒன்று கட்டாயம். அந்தக் குடும்பத்தில் அது உடையும் பாகம். ரவைக்கூடு மூன்று வாங்குங்கள். அடியில் பூச்சால் 1, 2, 3 என்று எழுதுங்கள். ரவை சிக்கும் ஒவ்வொரு முறையும் எந்த எண் என்று குறிப்பேட்டில் எழுதுங்கள். ஒரே எண் மூன்று தடவை வந்தால் அதன் வாய் உதடு நெளிந்திருக்கும். அதை ஒதுக்கி வைத்துவிட்டு மற்ற இரண்டோடு சுடுங்கள்.